பரணில் கிடக்கும் பதிமூன்று

(கொல்லிமலை, செம்மேட்டில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரவள்ளி அடிவாரத்தில் பஸ் மூச்சு வாங்க ஆரம்பித்து, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் திருப்பி முடித்து, இங்கே வந்து இறங்கினேன். தலை இன்னும் லேசாகச் சுற்றுகிறது. ஆகவே பேச்சு எங்காவது வளைந்து நெளிந்து போனால், பழியை ரோட்டின் மேல் போட்டுவிடுங்கள்.

வீடியோ கேமோடு உறவுள்ள பழைய காமிக்ஸ் புத்தகங்களில் அரிய பதிப்புகளை எப்படித் தேடிப் பிடிப்பது? இதுதான் இன்றைய பேச்சு. தலைப்பைக் கேட்டதும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தேன். "மிளகும் பலாவும் விளைகிற மலையில் வந்து இதைப் பேசுகிறானே" என்கிற பார்வை அது. நியாயமான பார்வைதான். ஆனால் ஐயா, ஒரு பத்து நிமிடம் பொறுங்கள். இந்தப் பேச்சு உங்கள் வீட்டுப் பரண் வரைக்கும் வரப்போகிறது.

முதலில் ஒரு கேள்வி. இங்கே வீடியோ கேம் விளையாடியவர்கள் கை தூக்குங்கள். பின்வரிசை முழுக்கக் கை. சரி, இறக்குங்கள். 'இரும்புக்கை மாயாவி' காமிக்ஸ் படித்தவர்கள்? முன்வரிசை முழுக்கக் கை. நரைத்த மீசைகளுக்குக் கீழே சிரிப்பு வேறு! இந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு பாலம் இருக்கிறது. தமிழில் அச்சான ஒரு புத்தகம்தான் அந்தப் பாலம். அதன் பெயர் 'இரத்தப் படலம்'.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடற்கரையில் ஒருவன் ஒதுங்கிக் கிடக்கிறான். தலையில் குண்டடி. தான் யார் என்பதே அவனுக்கு நினைவில்லை. கழுத்துப்பட்டை எலும்புக்கு அருகே பச்சை குத்தியிருக்கிறது, ரோமன் எண்ணில் பதிமூன்று. அவனைத் தேடிக் கொலைகாரர்கள் வருகிறார்கள். அமெரிக்க ஜனாதிபதியைச் சுட்டவன் இவன்தான் என்கிறார்கள். நிஜமாகவே இவன்தானா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, பெல்ஜியத்துக்காரர்களான வான் ஹாமும் வில்லியம் வான்ஸும் ஆண்டுக்கணக்கில் வாசகனை உட்கார வைத்தார்கள். 1984 ஜூனில் 'ஸ்பிரூ' வார இதழில் கதை தொடங்கியது. எண்பதுகளின் பிற்பாதியிலேயே அதைத் தமிழில் கொண்டுவந்துவிட்டது சிவகாசியின் லயன் காமிக்ஸ்.

இனி பின்வரிசை கவனிக்கட்டும். 2003-ல் உபிசாஃப்ட் நிறுவனம் இந்தக் கதையை வீடியோ கேமாக்கியது. முதல் ஐந்து பாகங்கள்தான் அந்த கேமின் கதை. திரை முழுக்க காமிக்ஸ் மாதிரியே இருக்கும். தடித்த மைக்கோடு, தட்டையான வண்ணம். குண்டு வெடித்தால் சத்தம் எழுத்தாக வந்து விழும். சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் நடந்தால் காலடிச் சத்தம் எழுத்தெழுத்தாக நகரும். தலையில் சுட்டால் மேலே மூன்று கட்டங்கள் அடுத்தடுத்துத் திறக்கும், காமிக்ஸ் பக்கம் போலவே. கதையைப் பாதியில் 'தொடரும்' போட்டு நிறுத்தினார்கள். விற்பனை சரியில்லை, அது தொடரவே இல்லை. 2020-ல் புதிதாகச் செய்தார்கள். விளையாடியவர்கள் கழுவி ஊற்றினார்கள். 2022-ல் அதையே திருத்தி மறுபடி கொடுத்தார்கள்.

அப்படியானால் என்ன ஆகிறது? உலகம் முழுக்க விளையாடிய ஒரு கேமின் மூலக்கதை, கேம் வருவதற்குப் பல ஆண்டு முன்பே தமிழில் வந்துவிட்டது. பிளேஸ்டேஷன் வைத்திருந்த பணக்கார வீட்டுப் பிள்ளை 2003-ல் திரையில் பார்த்ததை, பெட்டிக்கடையில் சில்லறை கொடுத்து வாங்கிய நம் ஊர்ப் பிள்ளை அதற்கு வெகுநாள் முன்னாலேயே படித்து முடித்துவிட்டான். இது ஒன்று மட்டும் இல்லை. காமிக்ஸ் நாயகன் லக்கி லூக்குக்கு கேம் உண்டு. தோர்கலுக்கு உண்டு. லார்கோ வின்சுக்கு 2002-ல் வந்தது. ஸ்மர்ஃப்களுக்கு 1982-லேயே வந்தது. இவர்கள் எல்லோரும் காமிக்ஸில் தமிழ் பேசியவர்கள்!

சரி, 'இரத்தப் படலம்' தமிழில் எத்தனை உருவங்களில் வந்தது? இங்கேதான் சேகரிப்பவனின் வேலை ஆரம்பிக்கிறது. முதலில் வந்தவை தனித்தனிப் பாகங்கள். கருப்பு வெள்ளை, நியூஸ்பிரிண்ட் தாள், வருடக்கணக்கில் இடைவெளி. ஒரு பாகம் படித்துவிட்டு அடுத்ததற்காகக் காத்திருந்த பையனுக்கு அடுத்தது வருவதற்குள் மீசை முளைத்துவிடும். பிறகு 2010-ல் பதினெட்டு பாகங்களும் ஒரே தொகுப்பாக வந்தன. எண்ணூறு பக்கத்துக்கு மேல், கருப்பு வெள்ளை, விலை 200 ரூபாய். நம் ஆட்கள் செல்லமாகச் சொல்லும் 'குண்டு புக்'குகளில் மகா குண்டு அது. பின்னாளில் அது பல மடங்கு விலைக்குக் கைமாறியது. அதன் பிறகு 2018-ல் முழு வண்ணத்தில் தொகுப்பு வந்தது.

மூன்றில் எது அரியது? எல்லோரும் 2010 தொகுப்பைத்தான் சொல்வார்கள். விலை ஏறியதே, அதனால். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் வளர்ந்தவர்கள். பணம் கட்டி முன்பதிவு செய்தவர்கள். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பத்திரமாகத்தான் இருக்கிறது. உண்மையிலேயே அரியது, சிறுவர்கள் வாங்கிப் படித்த அந்தத் தனிப் பாகங்கள், அதிலும் கேமுக்குக் கதை கொடுத்த முதல் ஐந்து. அவை பள்ளிப் பைக்குள் மடங்கின, மழையில் நனைந்தன. அப்பாவிடம் மாட்டி அடுப்புக்குப் போயின. பரீட்சை முடிந்ததும் நோட்டுகளோடு எடைக்குப் போயின. தப்பியவை சில. அந்தச் சிலதான் நான் தேடுவது.

இங்கே வெளிநாட்டுச் சேகரிப்பாளனுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் ஒரே இதழுக்கு நான்கு அட்டை போடுவார்கள். வேண்டுமென்றே ஓர் அட்டையைக் குறைவாக அச்சிட்டு, அரியது என்று பெயர் சூட்டி விற்பார்கள். அது கடையில் தயாரான அருமை. எனக்கு அதன்மேல் மரியாதை கிடையாது. ஆனால் தற்செயலாக அரியதானவையும் அங்கே உண்டு. 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' காமிக்ஸின் முதல் இதழ் 30 சென்ட். சில ஊர்களில் மட்டும் சோதனைக்காக 35 சென்ட் போட்டார்கள். கதை ஒன்று, படம் ஒன்று, அட்டையில் ஓர் எண் மட்டும் வேறு. அந்த ஓர் எண்ணுக்காக இன்று அடித்துக்கொள்கிறார்கள்.

வீடியோ கேம் காமிக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அடாரி என்ற கேம் நிறுவனம். 1982-ல் 'சோர்ட்குவெஸ்ட்' என்று ஒரு கேம் வரிசையைத் தொடங்கினார்கள். கேம் பெட்டிக்குள்ளேயே ஒரு காமிக்ஸ் புத்தகம் இருக்கும். ராய் தாமஸும் ஜெரி கான்வேயும் எழுத, ஜார்ஜ் பெரஸ் வரைந்தது. கேமில் சரியான அறையில் சரியான பொருளை வைத்தால் திரையில் இரண்டு எண்கள் வரும். ஒன்று காமிக்ஸின் பக்க எண், மற்றது கட்டத்தின் எண். அந்தக் கட்டத்தை உற்றுப் பார்த்தால் ஓவியத்துக்குள் ஒரு சொல் ஒளிந்திருக்கும். சொற்களைச் சேர்த்து அனுப்பினால் தங்கமும் வைரமும் பதித்த பரிசுக்குப் போட்டியிடலாம். எப்பேர்ப்பட்ட யோசனை! மூன்றாவது கேம் 'வாட்டர்வேர்ல்ட்' வருவதற்குள் அமெரிக்க வீடியோ கேம் சந்தையே சரிந்துவிட்டது. அது அடாரி கிளப் உறுப்பினர்களுக்கு மட்டும் கொஞ்சமாக விற்றது. நான்காவது 'ஏர்வேர்ல்ட்' அந்தக் காலத்தில் வரவே இல்லை. பெட்டியைப் பிரித்த பிள்ளைகள் கேமை வைத்துக்கொண்டு புத்தகத்தைத் தொலைத்தார்கள். இன்று கேமும் புத்தகமும் ஒன்றாகக் கிடைப்பதுதான் மதிப்பு.

இன்னொரு வேடிக்கை. நம் இரும்புக்கை மாயாவி யார்? 1962-ல் லண்டனில் பிளீட்வே நிறுவனத்தின் 'வேலியன்ட்' இதழில் பிறந்தவர். ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் ஓவியரின் கை. அதே பிளீட்வேயின் பெயரில் 1993-ல் ஒரு பத்திரிகை வந்தது. 'ஸானிக் தி காமிக்'. ஆமாம் தம்பி, நீ போனில் ஓட்டுகிற அந்த நீல முள்ளெலிதான். 2002 ஜனவரி வரை 223 இதழ்கள். கரண்ட் பாய்ந்தால் மறைகிற உங்கள் தாத்தா காலத்து மாயாவிக்கும், மோதிரம் பொறுக்குகிற உன் ஸானிக்குக்கும் ஒரே வீட்டு முகவரி!

போகட்டும், லண்டனை விடுவோம். அரியதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு என் பதில் ஒன்றுதான்: சாதாரணப் பிரதியைக் கரைத்துக் குடித்தவன் கண்ணுக்குத்தான் அரிய பிரதி படும். இந்த மலைக்காரர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. கீழே கடையில் சாமை என்று ஒரே பெயரில் கேட்டு வாங்குகிறோம். இங்கே கேட்டால் பெருஞ்சாமையா, கட்டவெட்டிச் சாமையா, மல்லியச் சாமையா, திரிகுலச் சாமையா என்று திருப்பிக் கேட்பீர்கள். கதிரைப் பார்த்தே சொல்லிவிடுவீர்கள். எங்கிருந்து வந்தது அந்தக் கண்? காலமெல்லாம் சாதாரணச் சாமையைப் பார்த்துப் பார்த்து வந்த கண்தானே?

அந்தக் கண்ணோடு ஒரு புத்தகத்தைப் பார்ப்போம். 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி' வந்தது. சிவகாசியில் சவுந்திரபாண்டியன் தொடங்கிய பதிப்பகம் அது. அந்தக் கதை பின்னால் பலமுறை மறுபதிப்பாகியிருக்கிறது. யாரோ ஒருவர் உங்களிடம் வந்து, "சார், முதல் பதிப்பு சார், ஒரிஜினல்" என்கிறார். அவர் சொல்கிற விலையைக் கேட்டால் இன்னொரு முறை 70 வளைவும் சுற்றும். என்ன செய்வீர்கள்?

அட்டையைப் பார்க்காதீர்கள், புத்தகத்தைத் திருப்பி முகவரியைப் பாருங்கள். சிவகாசிக்குப் பக்கத்தில் ஆறு இலக்கப் பின்கோடு இருக்கிறதா? இருந்தால் அது முதல் பதிப்பு இல்லை. ஏன்? இந்தியாவில் பின்கோடு நடைமுறைக்கு வந்ததே 1972 ஆகஸ்ட் 15-ல்தான். ஜனவரியில் அச்சான புத்தகத்தில் ஆகஸ்டில் பிறந்த எண் எப்படி இருக்கும்? பேரம் அங்கேயே முடிந்தது. ஒரு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பின்கோடு இல்லையா? அடுத்து எழுத்தைப் பாருங்கள். 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. பெரியார் 1935-லேயே 'குடி அரசு' ஏட்டில் நடைமுறைப்படுத்தியதைத்தான் பெரும்பாலும் அரசு ஏற்றது. ணா, றா, னா; ணை, லை, ளை, னை; ணொ, றொ, னொ; ணோ, றோ, னோ. இவற்றின் பழைய வடிவங்கள் போய்ப் புதிய வடிவங்கள் வந்தன. எண்ணிப் பாருங்கள், சரியாகப் பதிமூன்று! நம் கதாநாயகனின் எண் தமிழ் அச்சுக்கூடத்திலும் வேலை செய்திருக்கிறது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும், அந்தக் காலத்து லை, னை எல்லாம் தலையில் தும்பிக்கை வைத்துக்கொண்டு நிற்கும். அச்சில் வந்த 'மலை'யைப் பார்த்தால் யானை மாதிரியே இருக்கும். 1972 புத்தகத்தில் தும்பிக்கை இருந்தாக வேண்டும். இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

ஆனால் அவசரப்படவும் கூடாது. ஆணை வந்த மறுநாளே எல்லா அச்சகமும் பழைய எழுத்தை உருக்கிவிடவில்லை. அதன் பிறகும் சில ஆண்டுகள் பழைய எழுத்தும் புதிய எழுத்தும் கலந்து ஓடின. ஆகவே தும்பிக்கை இருந்தால் அது பழையதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. தும்பிக்கை இல்லையென்றால் 1972 இல்லை என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். ஒரு சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். விலை, பின்னட்டை விளம்பரம், போன் எண்ணின் இலக்கங்கள், தாளின் பழுப்பு, எல்லாவற்றையும் கூண்டில் ஏற்றி விசாரியுங்கள்.

உங்கள் மாவட்டத்துக்கே உரிய சாட்சி ஒன்று உண்டு. நூலக முத்திரை. நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1-ல். அதற்கு முன் இந்த மலை சேலம் மாவட்டம். பழைய புத்தகக் கட்டில் 'சேலம் மாவட்ட நூலக ஆணைக்குழு' என்ற முத்திரையோடு இந்த வட்டாரத்துக் கிளை நூலகத்தின் பெயரும் இருந்தால், அந்தப் பிரதி அநேகமாக 1997-க்கு முன்பே இங்கே வந்திருக்கும். நூலக முத்திரை இருந்தால் விலை குறையும் என்பார்கள் வியாபாரிகள். குறையட்டும்! ஒரு புத்தகம் எந்த ஊரில் எந்தக் காலத்தில் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறு என்ன?

பொறுமையாக ஏட்டை ஏட்டோடு ஒப்பிடுகிற இந்த வேலை தமிழனுக்குப் புதிதா? இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் இருக்கின்றன. அந்தப் புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் 1894-ல் அச்சில் தந்தார். ஊர் ஊராகச் சுவடி தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இந்த ஏட்டில் இப்படி, அந்த ஏட்டில் அப்படி என்று பாடபேதம் குறித்து வைத்தார். காமிக்ஸைச் சங்க இலக்கியத்தோடு சேர்த்துப் பேசுகிறானே என்று தமிழாசிரியர்கள் கோபிக்க வேண்டாம். பொருள் வேறு, வேலை ஒன்று.

காமிக்ஸிலும் பாடபேதம் உண்டு. இந்திரஜால் காமிக்ஸ் தெரியுமல்லவா? டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1964 மார்ச்சில் தொடங்கியது. லீ ஃபாக்கின் முகமூடி வீரர்தான் முதல் நாயகன். அவர் வாழும் நாட்டின் மூலப் பெயர் 'பெங்காலி' என்று ஒலிக்கும். இங்குள்ளவர்கள் மனம் புண்படுமே என்று 'டெங்காலி' ஆக்கினார்கள். கடற்கொள்ளைக்காரர்கள் 'சிங்' கூட்டம், அதை 'சிங்கா' என்று மாற்றினார்கள். வில்லன் ஒருவனுக்கு 'ராமா' என்று பெயர், அவன் 'ராமாலு' ஆனான். ஒரே படம், ஒரே கட்டம், பெயர் மட்டும் வேறு. அதே வீரர் தமிழில் ஒரு பதிப்பகத்தில் வேதாளர், ராணி காமிக்ஸில் மாயாவி. இரும்புக்கை மாயாவியோ முற்றிலும் வேறு ஆள். பட்டியல் போடும்போது 'மாயாவி' என்று மட்டும் எழுதி வைத்தவன் பின்னால் முடியைப் பிய்த்துக்கொள்வான். பதிப்பகம், இதழ் எண், மாதம், ஆண்டு, விலை, பக்கம், அளவு. இந்த ஏழும் இல்லாத பட்டியல் பட்டியலே இல்லை.

ராணி காமிக்ஸும் லயன் காமிக்ஸும் ஒரே மாதத்தில் பிறந்தவை, 1984 ஜூலை. அங்கே ஜேம்ஸ் பாண்ட், 'அழகியைத் தேடி'. இங்கே மாடஸ்டி, 'கத்தி முனையில் மாடஸ்டி'. ராணி 2005 வரை 500 இதழ்கள் வந்தது. அதன் எண்ணிக்கையும் பரவலும் அதிகம் என்பதால், ராணி எங்கும் கிடைக்கும், தேட வேண்டாம் என்று ஒரு நினைப்பு. எங்கும் கிடைத்ததால்தான் யாரும் எடுத்து வைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் வாங்கி, பஸ்ஸிலேயே படித்து, சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கினோம். பிற்கால இதழ்களைத் தேடிப் பாருங்கள், தெரியும்.

எங்கே தேடுவது? கீழே ஈரோட்டில் ஆகஸ்ட் மாதம் புத்தகத் திருவிழா நடக்கும்போது காமிக்ஸ் வாசகர்கள் கூடுகிறார்கள். அங்கே போங்கள், விஷயம் தெரிந்தவர்களைப் பார்க்கலாம். ஆனால் அங்கே கிடைப்பது ஏற்கெனவே ஒருவர் கண்டுபிடித்தது. இன்னும் யாரும் கண்டுபிடிக்காதது எங்கே இருக்கும்? பழைய பேப்பர் கடையில். சலூன் பெஞ்சுக்கு அடியில். மாற்றலாகி வந்து ஓய்வு பெற்ற வாத்தியார் வீட்டுத் தகரப் பெட்டியில்.

ஒருமுறை சோளக்காட்டுச் சந்தையில் மிளகு வாங்கினேன். அந்த அம்மா பழைய தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவிப் பொட்டலம் மடித்தார். மடிப்பில் ஒரு கவ்பாயின் தொப்பி தெரிந்தது. மிளகை மறந்தேன். "அம்மா, அந்தக் கட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?" "பழைய கதைப் பொஸ்தகம் சார், எங்க மாமனார் படிச்சது. பொட்டலத்துக்குத்தான் ஆகுது." கட்டை வாங்கிப் புரட்டினேன். அட்டைகள் போய்விட்டன. நடுப் பின் துருப்பிடித்து, அதைச் சுற்றித் தாளில் செம்பழுப்பு வட்டம். சில பக்கங்களில் பையன் ஒருவன் பேனாவால் வில்லனுக்கு மீசை வரைந்திருந்தான். கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சகத்தின் பெயர் வரி முழுசாக இருந்தது. அட்டை போனாலும் அந்த வரி இருந்தால் புத்தகத்துக்குப் பெயர் வைத்துவிடலாம். விலை கேட்டேன். "காசா? இதுக்கா? எடுத்துக்கங்க சார்" என்றார். சும்மா எடுக்கக் கூடாது. அது அவர் வீட்டுச் சொத்து. என்ன மதிப்பு என்று சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். தெரியாதவரிடம் ஏமாற்றி வாங்கியதைச் 'சேகரிப்பு' என்று சொல்லிக்கொள்பவர்களோடு எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது.

அரியதுக்கு விலை வந்துவிட்டால் போலி வராமல் இருக்குமா? வந்துவிட்டது. அட்டை இல்லாத புத்தகத்துக்குக் கலர் ஜெராக்ஸ் அட்டை போட்டு விற்கிறார்கள். பூதக்கண்ணாடி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஃப்செட்டில் அச்சான அட்டையில் வண்ணம் புள்ளி புள்ளியாக ஒழுங்கான வரிசையில் இருக்கும். அதை நகல் எடுத்தால் புள்ளிமேல் புள்ளி விழுந்து அலை அலையாகக் குழம்பும். சாய்த்துப் பார்த்தால் எழுத்தின்மேல் பொடி மையின் மினுமினுப்பு தெரியும். இன்னொன்று, அட்டையில் பின் குத்திய ஓட்டையும் உள்பக்க ஓட்டையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். உள்ளே துரு, அட்டையில் துருவே இல்லை என்றால், அந்த இருவருக்கும் நேற்றுத்தான் கல்யாணம் ஆகியிருக்கிறது.

பைண்டு செய்த தொகுதிகளை மட்டமாகப் பேசுவார்கள். ஓரம் வெட்டியாயிற்று, அட்டை கிழித்தாயிற்று, மதிப்பில்லை என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காலிகோ ஒட்டிய கனத்த புத்தகத்தைப் பழைய பேப்பருக்குப் போட யாருக்கும் மனம் வராது. இன்று நமக்குக் கிடைக்கிற பழைய இதழ்களில் எத்தனையோ அந்தப் பைண்டருடைய புண்ணியம். தயவுசெய்து பைண்டைப் பிரித்து இதழ் இதழாக விற்காதீர்கள்.

கடைசியாக, கொல்லிமலைக்காரர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. உங்களுக்கு எதிரி வெயில் இல்லை, பனிமூட்டம். ஈரம் ஏறினால் நியூஸ்பிரிண்ட் தாள் பூஞ்சை பிடிக்கும், பின் துருவேறும், ராமபாணப் பூச்சி வரும். பாலிதீன் கவரில் போட்டு ஒட்டிவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போகாது. உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றுங்கள். தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். காய்ந்த நாளில் எடுத்து, நிழலில், காற்றில் விரித்து வையுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் மட்டும் ஒட்டவே ஒட்டாதீர்கள். சில வருடத்தில் பசை மஞ்சளாகித் தாளையே தின்றுவிடும். துருப்பிடித்த பின்னை மெதுவாக நிமிர்த்திக் கழற்றிவிட்டு, அதே ஓட்டையில் வெள்ளைப் பருத்தி நூல் கோத்துக் கட்டுங்கள்.

தாய்மார்களே, பெரியோர்களே, போகிக்கு வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து இறங்குகிற கட்டை எடைக்குப் போடுவதற்கு முன், பின்வரிசையில் இருக்கிற இந்தப் பிள்ளைகளை ஒருமுறை கூப்பிடுங்கள். தம்பிகளே, தங்கைகளே, உங்கள் கையில் போன் இருக்கிறது, போனில் கேமரா இருக்கிறது. அட்டை, முகவரிப் பக்கம், கடைசிப் பக்கத்தின் அடிவரி, பின்னட்டை, இந்த நான்கையும் படம் எடுங்கள். நான் சொன்ன ஏழு விவரத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதிய நோட்டை ஊர் நூலகத்தில் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். 'இரத்தப் படலம்' முதல் ஐந்து பாகத்தில் ஏதாவது ஒன்று, பழைய கருப்பு வெள்ளைப் பதிப்பு, இந்த மலையில் யார் வீட்டிலாவது கிடைத்தால், கீழே இருந்து வருகிற எந்த வியாபாரிக்கும் உடனே கொடுத்துவிடாதீர்கள். முதலில் நீங்கள் படித்து முடியுங்கள். பிறகு எனக்கும் ஒரு தகவல் அனுப்புங்கள், கட்டாயம் வருகிறேன்.